மயிலாடிக்குப் போன வேன்

பாறசாலையிலிருந்து வேன் புறப்படும்போது மணி ஐந்தேகால். சபையார் பதினான்கு பேர். பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே கட்டிய சபையைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் வீடு திரும்புவது திட்டம். என் மடியில் ஒரு சீப்பு மட்டிப்பழம் இருந்தது. யாருக்கு என்று போதகரம்மா கேட்டார். "வழியில் சாப்பிடத்தான்" என்றேன். ஆன்மிகப் பயணம் ஒரு பொய்யோடு தொடங்கியது.

களியக்காவிளை வந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இந்தக் கோடே கிடையாது, எல்லாம் திருவிதாங்கூர். கோடு வந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. என் அக்காளையும் அந்தப் பக்கம், நெய்யூரில்தான் கட்டிக்கொடுத்தோம். அவள் படித்தது தமிழ்ப் பள்ளியில். மலையாளம் தண்ணீர்போலப் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிப்பது மட்டும் கஷ்டம். அப்பா இறந்த மறு வருடம், சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் ஒழிமுறிப் பத்திரம் எழுதியபோது, அவளுக்கு அதை வாசித்துக் காட்டியவன் நான். வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன். கண் தவறி அல்ல. அவள் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கல்யாண வீடுகளில் அவள் ஒரு வாசல் வழியாக வந்தால் நான் இன்னொரு வாசலைத் தேடுவேன்.

சுசீந்திரம் தாண்டி மயிலாடி எல்லைக்குள் நுழைந்ததும் காதில் விழுவது ஜெப மணி அல்ல, உளிச் சத்தம். இது கல் சிற்பிகளின் ஊர். சாலையோரக் கொட்டகை ஒன்றில் ஒரு நந்தி முகம் வரை வெளியே வந்திருந்தது. உடல் இன்னும் பாறைக்குள் இருந்தது. எங்கே கொத்தவேண்டும் என்று சிவப்புச் சாயத்தில் கோடு போட்டிருந்தார்கள். சிற்பி புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு நிமிர்ந்து, "சர்ச்சுக்கா? நேரே போங்கள்" என்றார்.

ரிங்கல்தௌபே ஜெர்மன்காரர். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக வந்து, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். அவரை இங்கே வரவழைத்தவர் மயிலாடிக்காரரான மகாராசன். சிதம்பரத்துக்குத் தீர்த்த யாத்திரை போன மனிதர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷம் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்கு வந்தார். யாத்திரை போகிறவன் தேடிப்போனதையே கொண்டுவருவான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 1809-இல் இங்கே எழுந்ததுதான் தென் திருவிதாங்கூரின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம். இன்றைய ஆலயம் அவர்கள் இருவரின் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது.

அந்த ஜெர்மன்காரரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய எரிச்சல். வந்து சேர்ந்தவர்களில் பலர் வரிக்கும் ஊழியத்துக்கும் பயந்து வந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஊழியம் என்றால் அன்றைய திருவிதாங்கூரில் கூலியில்லாமல் அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலை. இன்று நாங்கள் அதே சொல்லைத்தான் மிஷனரிகள் செய்த பணிக்கும் வைத்திருக்கிறோம். ஆட்களின் எண்ணிக்கையைக் காட்டி மகிழ்ந்துபோகிற சுபாவம் அவருக்கு இல்லை. சம்பளம் வந்தால் கையில் தங்காது, ஏழைகளுக்குப் போய்விடும். 1816-இல் உடம்பு தளர்ந்து, பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். இலங்கை, பிறகு மலாக்கா. அதற்கு மேல் தடயம் இல்லை. எங்கள் சபைகளுக்கெல்லாம் முதல் கல் வைத்தவருக்குக் கல்லறை எங்கே என்று காட்ட ஆள் இல்லை. அதுவும் கல்வெட்டுகிற ஊர்க்காரர்களிடம்!

போதகர், இயேசுவைப் பார்க்க மரமேறிய வரிவசூல்காரன் சகேயுவை எடுத்துப் பிரசங்கித்தார். காட்டத்தி மரம், குள்ளமான உருவம், எல்லாம் ஞாயிறு பள்ளியில் கேட்டதுதான். அன்றைக்கு ஒன்று உறைத்தது. சகேயு அழுததாக லூக்கா எழுதவே இல்லை. எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்ப. நானோ ஒன்பது வருடமாகப் பாவ அறிக்கை ஜெபத்தில் கண் கலங்கியே வந்திருக்கிறேன். பிறகு காணிக்கை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானச் சோறு சாப்பிடுவேன். கிணற்றடியில் நின்று கை கழுவுவேன். அந்தக் கிணறு அக்காளுடையது. மனந்திரும்புதல் என்ற சொல்லில் மனத்தை எடுத்துக்கொண்டு திரும்புதலை விட்டுவிட்டேன். அங்கேயும் ஒரு வரியை விட்டவன்தான்.

ஆனால், உடனே எழுந்து ஓடினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். மதியம் மரச்சீனியும் மீன்குழம்பும் நன்றாகவே சாப்பிட்டேன். திரும்பும் வழியில் திங்கள்நகரில் சாயாவுக்காக வேன் நின்றது. அரை மணி நேரம் என்றார் டிரைவர். பழத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு முன்னால் கால் தயங்கியது. 1838-இல் தொடங்கிய மருத்துவப் பணி அது. அங்கே இருந்த டாக்டர் சோமர்வெல்லைப் பற்றி அப்பா கதைகதையாகச் சொல்வார். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் சுமைதூக்கிகள் ஏழு பேர் இறந்தார்கள். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று அவர் பின்னாளில் மனம் வெந்து எழுதினார். அதே வருடம் தெற்கே வந்தவர், நெய்யூரில் ஒரே ஒரு அறுவை மருத்துவரைச் சூழ்ந்து நின்ற நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துத் தம் வாழ்வை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். குற்றவுணர்வுதான் அவரைக் கொண்டுவந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1924-இல் மறுபடி மலை ஏறினார். இறங்கும்போது, குளிரில் கெட்டுப்போன தொண்டைச் சதை பிரிந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டது. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது, மூச்சு வந்தது.

என் தொண்டையில் இருந்தது ஒரு வரி. பத்திரத்தின் நகல் வேதாகம உறைக்குள் இருந்தது.

கதவைத் திறந்தவள் அக்காள். தலை முழுக்க வெளுத்திருந்தது. "வா மக்கா" என்றாள், நேற்றும் வந்துபோனவனிடம் சொல்வதுபோல. மின்விசிறியைப் போட்டாள். நான் உட்காரவில்லை. "அக்கா, அன்றைக்கு நான் ஒரு வரியை வாசிக்கவில்லை" என்று நகலைப் பிரித்தேன். கை நடுங்கியதில் எழுத்து ஓடியது. வரி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் மலையாளத்தில் சொல்ல ஆரம்பித்தாள், கிணறும் பலாவும் உட்பட ஏழு சென்ட் என்று, ஒரு சொல் பிசகாமல். அத்தான் அடுத்த வாரமே யாரிடமோ கொடுத்து வாசிக்க வைத்துவிட்டாராம்.

"எழுதித் தந்துவிடுகிறேன் அக்கா. திங்கட்கிழமையே பத்திரம் எழுதுகிறவரைப் பார்க்கிறேன்" என்றேன்.

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. "அந்த வரிக்கைப் பலா இந்த வருடம் காய்த்ததா?" என்று கேட்டாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அதை வெட்டி, மரம் அறுக்கிற ஈர்ச்சவாடிக்கு விற்றுவிட்டேன். அதையும் சொன்னேன். அப்போதுதான் அழுதாள். நிலத்துக்காக அழாதவள் மரத்துக்காக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் மாட்டியிருந்த சபைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு சென்ட்டை அளந்து திருப்பிவிடலாம். அம்மா நட்ட பலாவை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

இதற்குப் பிறகு ரத்த அழுத்தம் இறங்கியது, முட்டுவலி போயிற்று என்று சபையில் சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மாத்திரை அதே மாத்திரைதான். விடியற்காலை மூன்று மணிக்கு என் குரலிலேயே அந்தப் பத்திரம் வாசிக்கப்படுவது மட்டும் நின்றிருக்கிறது.

அன்றைக்கு, வெளியே வேன் ஹாரன் அடித்தது. என்னைத் தேடி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். மட்டிப்பழத்தை மேசைமேல் வைத்தேன். அக்காள் இரண்டு பழத்தைப் பிய்த்து அத்தானுக்கு என்று எடுத்துக்கொண்டு, மீதியை என் கையிலேயே தந்தாள்.

"எனக்குச் சர்க்கரை, மக்கா. ஆறு வருடம் ஆகிறது."