வல்லினமா, மெல்லினமா, இடையினமா?

முதலில் கழன்றது செருப்புதான். நடந்துகொண்டிருக்கும்போதே வலது கால் செருப்பு மட்டும் பின்தங்கிவிடும். என் மனைவி திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வருவாள். வார் தளர்ந்துவிட்டது என்று புதிதாக வாங்கினோம். அதுவும் கழன்றது. அப்புறம் வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழ ஆரம்பித்தாள். முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது என்றார்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி வரை பேசியாகிவிட்டது. "எனக்கு வலியும் இல்லை, மரத்தும் போகவில்லை. பின்னே எதுக்கு ஆபரேஷன்?" என்று அவள்தான் கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்களை நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே சும்மா வைத்திருக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாக்கின் ஓரமெல்லாம் புழு நெளிவதுபோல் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு தசைகளில் ஊசி குத்திப் பார்க்கும் இ.எம்.ஜி., ரத்தப் பரிசோதனைகள், இன்னொரு ஸ்கேன். இந்த நோயை ஒரே பரிசோதனையில் உறுதி செய்ய முடியாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஆக வேண்டும். மோட்டார் நியூரான் நோய், அதில் ஏ.எல்.எஸ். என்ற வகை என்று பெயர் தெரிய 11 மாதம் ஆனது.

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே போகும் என்றார் மருத்துவர். தொட்டால் தெரியும், காது கேட்கும், கண் தெரியும். கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் வெகுகாலம் தாங்கும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் அன்று என் காதில் ஏறவே இல்லை. பலருக்கும் அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 வருடம் என்றாரே, அதோடு நான் நின்றுவிட்டேன். உறவினர்கள் ஸ்டீபன் ஹாக்கிங்கை உதாரணம் காட்டினார்கள். 1963இல் 21 வயதில் நோய் தெரிந்து 2018 வரை இருந்தாரே என்று. அப்படி இருப்பவர்கள் மிகக் குறைவு என்று மருத்துவர் அவளிடமே மறைக்காமல் சொன்னார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ரிலுசோல் 50 மி.கி. மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, வெறும் வயிற்றில். நோயை நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும். கல்லீரலுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை.

பேச்சு குழறத் தொடங்கியபோது அவள் செய்த காரியம் எனக்குத் தோன்றவே இல்லை. தன் குரலைக் கைபேசியில் பதிவுசெய்ய ஆரம்பித்தாள். பிள்ளைகளைக் கூப்பிடுவது, திட்டுவது, "கதவைச் சாத்து", "போதும்", "ஃபேனைக் குறை". முதல் பதிவு "என்னங்க" என்பது. மூன்று விதமாகச் சொல்லிவைத்திருக்கிறாள்: சாதாரணமாக ஒன்று, அவசரமாக ஒன்று, கோபமாக ஒன்று. குரல் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். நாங்கள் தொடங்கியபோதே கொஞ்சம் பிசிறடித்திருந்தது.

வயிற்றுக் குழாய் விஷயத்தில் தவறு என்னுடையது. இரைப்பைக்குள் நேராக உணவு போவதற்கு வைக்கும் பெக் குழாயைப் பற்றி மருத்துவர் பேச்செடுத்தபோது அவள் உடனே தலையசைத்துவிட்டாள். நான்தான் "வாயால் சாப்பிட முடிகிற வரைக்கும் பார்ப்போமே" என்று தள்ளிப்போட்டேன். குழாய் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று என் மனசில் ஒரு பயம். இரண்டு மாதத்தில் அவள் உடம்பு பாதியாக இளைத்தது. ஒவ்வொரு வாயும் இருமல், கண்ணில் நீர். ஒருநாள், அப்போது ஒரு விரல் அசைந்துகொண்டிருந்தது, கைபேசியில் தட்டிக் காட்டினாள்: "சாப்பாட்டைப் பார்த்தாலே பயமா இருக்கு." அன்றே மருத்துவமனைக்குப் போனோம். மூச்சுத் திறன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதற்குள் வைப்பது பாதுகாப்பு என்றார்கள். அவளுக்கு அந்தக் கோட்டை ஒட்டி இருந்தது. குழாய் வைத்த பிறகும் பல மாதம் ருசிக்காக ஒரு சின்னக் கரண்டி வாயில் கொடுத்தேன். பயமில்லாமல் விழுங்கினாள்.

மூச்சு வேறு கதை. காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், இரவில் கெட்ட கனவு. கவலையால் வருகிறது என்று நினைத்தேன். படுக்கும்போது மூச்சு ஆழமாக இழுக்க முடியாமல் கரியமில வாயு உடம்பிலேயே தங்கிவிடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிவிடலாம் என்று நான் ஓடினேன். அது மட்டும் கொடுத்தால் ஆபத்தாகலாம், காற்றை உள்ளே தள்ளி வெளியே விட உதவும் பைபேப் இயந்திரம்தான் வேண்டும் என்று தடுத்தார்கள். முகக்கவசம் பழக மூன்று வாரம் ஆனது. பகலில் அரை மணி நேரம், டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகினாள். மூக்குத் தண்டில் புண் வராமல் மெத்தென்ற ஒட்டு ஒன்றை வைக்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்.

பேச்சு முழுதும் போய் விரலும் நின்ற பிறகு எங்களுக்குக் கண் மட்டும்தான் மிச்சம். மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. விரல் நிற்பதற்கு முன்பே ஓர் அட்டையில் க, ங, ச, ஞ என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்திருந்தோம். ஒரு சொல் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் களைத்துவிடும். 247 எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்லவேளையாக அவள், விரல் அசைந்த கடைசி நாட்களிலேயே வழி சொல்லிவிட்டிருந்தாள்: "வல்லினம் மெல்லினம் இடையினம்னு பிரிச்சு எழுதுங்க." ஒரு வரிக்கு ஆறு எழுத்து, மூன்று வரி. நாலாவது வரி உயிரெழுத்து. "வல்லினமா?" மேலே பார்ப்பாள். "க? ச? ட? த?" த-வில் மேலே பார்ப்பாள். கால், கொம்பெல்லாம் கேட்பதில்லை. மெய்யெழுத்து இரண்டு மூன்று வந்தாலே சொல் பிடிபட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததை இப்படி ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்வேன் என்று நினைத்ததில்லை.

ஓர் இரவு முனகினாள். தலையணையா? இல்லை. முகக்கவசமா? இல்லை. எச்சில் உறிஞ்ச வேண்டுமா? திரும்பிப் படுக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் கண்ணை மூடினாள். கண்ணீர் வழிய ஆரம்பித்தது. நான் தூக்கக் கலக்கத்தில் கால், முதுகு, போர்வை என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் அட்டையை எடுத்தேன். வல்லினம், க. மறுபடி வல்லினம், த. "கதவா?" கண்ணை மூடினாள். "காதா?" மேலே பார்த்தாள். தலையைத் தூக்கினேன். இடது காது தலையணைக்கடியில் இரண்டாக மடிந்து ரத்தச் சிவப்பாக இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ. விரலால் நீவிவிட்டேன். அதற்குப் பிறகு திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் காதைத் தடவிப் பார்க்காமல் விளக்கை அணைப்பதில்லை. ஊகிப்பதையும் விட்டுவிட்டேன். எவ்வளவு தூக்கம் வந்தாலும் முதலில் அட்டை.

வருகிறவர்களிடமும் அதையே சொல்கிறேன். "இவங்க சாப்பிட்டாங்களா?" என்று என்னைக் கேட்பார்கள், அவள் எதிரிலேயே. அவளைக் கேளுங்கள், பதில் வரக் கொஞ்சம் நேரமாகும் என்பேன். சில நேரம் காரணமில்லாமல் அழுகை பீறிடும், சில நேரம் சிரிப்பு. அதுவும் நோயின் வேலைதான், மனசு அந்த நேரத்தில் வேறாக இருக்கலாம். அதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வருகிறவர்கள் பதறுவதில்லை.

தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சை அவள் நன்றாக இருந்த ஒரு மத்தியானத்தில் பேசினோம். நான் எழுத, அவள் எழுத்தெழுத்தாகத் திருத்தினாள். நான்கு நாள் ஆனது. அதன் ஒரு நகல் மருத்துவரிடம் இருக்கிறது. அதில் இருப்பது அவளுடைய முடிவு, அதை இங்கே நான் சொல்லப்போவதில்லை.

என் இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் அவள் தங்கையை வாரத்தில் இரண்டு இரவு வரச் சொன்னேன். ஒரு வருடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். முதல் இரவு பக்கத்து அறையில் படுத்துத் தூக்கம் வராமல் கிடந்தபோது தங்கையின் குரல் கேட்டது: "வல்லினமா? மெல்லினமா?" கொஞ்ச நேரம் கழித்து, "நகமா? சரிக்கா, வெட்டிவிடறேன்."

எனக்கு அது கண்ணில் படவே இல்லை. தூங்கிவிட்டேன்.