கத்தரிப்பூ நிறம் வரும்போது

மே 12, 2025, திங்கள்

நான் சொல்லச் சொல்ல என் மனைவி போனில் அடிக்கிறாள். கண்ணாடியைக் கழற்றக் கண்ணில் லேசர் வைத்து இன்று நான்காம் நாள். ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு இருட்டறையில் கிடக்கிறேன். முன்னறை டிவியில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். வருஷம் தவறாமல் மதுரைக்குப் போகிறவன், இந்த வருஷம் சத்தம் மட்டும் கேட்கிறேன்.

பட்டறையில் எத்தனையோ பொறி பட்டிருக்கிறது. இந்த வலி வேறு. மணலைக் கொட்டி இமையால் அரைப்பது போல இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி ரொம்ப மோசம். இன்று பரவாயில்லை.

லாசிக் செய்திருந்தால் இவ்வளவு வலி இல்லை, மறுநாளே பார்வை வந்திருக்கும். ஆனால் அதில் கருவிழியின் மேல் மெல்லிய மூடி போல அறுத்துத் திறந்து, லேசர் விட்டு, திரும்ப மூடுகிறார்கள். அந்த மூடி பழையபடி கெட்டியாக ஒட்டாது. பலமாக அடிபட்டால் வருஷங்கள் கழித்துக்கூட நகரலாம். என்ன தொழில் என்று டாக்டரம்மா கேட்டார். திருப்பாச்சேத்தியில் அருவாள் அடிக்கிறோம் என்றேன். யோசிக்கவே இல்லை, உங்களுக்கு பி.ஆர்.கே. தான் என்றுவிட்டார். இதில் மூடி கிடையாது. மேல்தோலை வழித்தெடுத்துவிட்டு நேரே லேசர். தோல் தானாக வளர்ந்து மூடும்வரை வலியைத் தாங்க வேண்டும். அடி விழுகிற தொழிலுக்கு அதுதான் சரி.

மே 15, வியாழன்

கண்ணுக்குக் கட்டுப் போல வைத்திருந்த லென்ஸை இன்று எடுத்தார்கள். பார்வை மங்கல்தான், தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி. தெளிய வாரக்கணக்கில் ஆகுமாம். ஆனாலும் மைனஸ் 4.75 இருந்த கண். எதிரே இருக்கிறவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்ணாடி இல்லாமல் தெரிந்ததே இல்லை. இன்று பஸ்ஸில் கண்டக்டர் முகம் தெரிந்தது.

மே 27, செவ்வாய்

கத்திரி வெயில் நாளையோடு முடிகிறது. பட்டறைக்குள் இன்னும் போகக்கூடாது. கரித்தூள், வியர்வை, புளோயர் காற்று மூன்றும் ஆகாது. திண்ணையில் உட்கார்ந்து சத்தம் கேட்கிறேன். அப்பா சுத்தியல், அம்மா சம்மட்டி. டண் என்று அப்பா இடத்தைக் காட்ட, அம்மா அங்கேயே இறக்குகிறாள். நான் சின்னப் பையனாக இருந்தபோது கேட்ட அதே தாளம்.

பழைய கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காய்ச்சிய இரும்பின் செதில் தெறித்துச் சுட்ட குழிகள். இடதில் 17, வலதில் 9, எல்லாம் ஊசிமுனை அளவு. அதில் இடது ஓரத்தில் ஒன்று மட்டும் அரிசி நொய் அளவு, உள்ளே கறுப்பாக இரும்பே ஒட்டியிருக்கிறது. அது தெறித்த நாள் எனக்கு ஞாபகமே இல்லை. 19 வருஷம் அந்த 26 துண்டும் என் கண்ணுக்குத்தான் வந்திருக்கின்றன. பார்வைக்காகப் போட்ட கண்ணாடி அதையும் தடுத்திருக்கிறது. கையிலேயே ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

லேசரின் போது முடி கருகுவது போல வாடை வந்தது. கண் கருகுகிறது என்று பயந்தேன். அது எரிப்பது இல்லையாம். 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி, சதையின் பிணைப்பை உடைத்து ஆவியாக்கிவிடுகிறது, பக்கத்தில் சூடு பரவுவதில்லை. இதைக் கண்டுபிடித்த கூட்டத்தில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1981 நவம்பரில், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் விட்டுப் பார்த்தார். கருகாமல் துல்லியமாக வெட்டியிருந்தது. என் கருவிழியில் செதுக்கியது சுமார் 60 மைக்ரான், தலைமுடிப் பருமன்தான். சூடு இல்லாத உளி! உளி பிடிக்கிறவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஜூன் 9, திங்கள்

ஒரு மாசப் பரிசோதனை. பார்வை நன்றாக ஏறியிருக்கிறது, கண் அழுத்தமும் சரி. ஸ்டீராய்டு சொட்டு இன்னும் ஓடும், மெல்ல மெல்லக் குறைப்பார்கள். வேலைக்குப் போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுத்தியலைத் தொடக்கூடாது. உலையைவிட டாக்டரம்மா பயந்தது பக்கத்து வெல்டிங் கடையை. கரி நெருப்பில் புற ஊதா பெரிதாகக் கிடையாது. வெல்டிங் வெளிச்சத்தில் அது நிறைய. ஆறுகிற கருவிழியில் அது பட்டால் புகை படிந்தது போல மங்கல் வரலாமாம். அந்தப் பக்கம் தார்ப்பாய் கட்டச் சொல்லி, கட்டியாகிவிட்டது.

“கண்ணாடியைக் கழற்றத்தானே இத்தனையும் செஞ்சீங்க, மறுபடியுமா?” என்றாள் என் மனைவி. இதில் பவர் இல்லை, பக்கவாட்டிலும் மறைப்பு இருக்கிறது என்று காட்டினேன். பழையதைக் காட்டிக் குழிகளை எண்ணச் சொன்னேன். அப்புறம் அவளே தனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொன்று வாங்கச் சொல்லிவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

இன்று உலைக்கு முன்னால் நின்றேன்.

சீமைக்கருவேலக் கரி, புளோயர், உள்ளே லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு. ஆரஞ்சு நிறம் வந்ததும் குறட்டால் எடுத்து அடைகல்லில் வைத்தேன். இரும்பைச் சுற்றி ஒளிவட்டம். கோயில் விளக்கைப் பனியில் பார்ப்பது போல விளிம்பு தெரியவில்லை. முதல் அடி தப்பியது. இது குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள், இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. சிவப்பு மங்க மங்க வட்டம் சுருங்கி விளிம்பு வந்தது. அப்போது பார்த்தேன், செதில் உரிந்து விழுகிறபோது அடியில் இரும்பு எப்படி ஈரமாக மின்னுகிறது என்று. முன்பெல்லாம் மூக்கில் வழுக்குகிற கண்ணாடியைத் தோளால் தள்ளிக்கொண்டே அடித்தவன் நான்.

கண் சீக்கிரம் காய்ந்துபோகிறது. நாலு சூட்டுக்கு ஒருமுறை கை கழுவிவிட்டுச் சொட்டு விட்டேன். மூன்று கதிர் அருவாள் முடித்தேன். போதும்.

ஜூன் 20, வெள்ளி

தோய்ச்சல் போடுவது, அதாவது காய்ச்சிய அருவாளைத் தண்ணீரில் முக்கிப் பதம் ஏற்றுவது, இதுவரை அப்பாதான். அவர் பதம் தப்பாது என்று ஊரில் பெயர். இன்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வாயை, அதாவது வெட்டுகிற விளிம்பை மட்டும் தண்ணீரில் காட்டி எடுக்கிறார். முதுகுப் புறத்தில் சூடு மிச்சம் இருக்கும். செங்கல் துண்டால் வாயைத் தேய்த்து வெளுக்க வைத்தால், அந்தச் சூடு மெல்ல வாய்க்கு நகரும். கூடவே நிறமும் நகரும். முதலில் வைக்கோல், அடுத்து பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து நீலம். ஓடிப்போகிற நிறங்கள் இவை. பழுப்பில் நிறுத்தினால் வாய் கெட்டி, மர முடிச்சில் பட்டால் உடையும். நீலம் தாண்டினால் மடங்கும். வெட்டருவாளுக்குக் கத்தரிப்பூ வந்ததும் முழுசாக முக்கிவிட வேண்டும்.

எனக்குக் கத்தரிப்பூ தெரிந்தது. அப்பா முக்கவில்லை. நீலமே வந்துவிட்டது. அப்புறம்தான் முக்கினார்.

நான் எதுவும் சொல்லவில்லை. லேசர் வைத்து ஆறு வாரமான கண்ணை நம்பி, 45 வருஷம் தீயைப் பார்த்த கண்ணை எப்படி மறுப்பது? லேசர் என் நிறங்களைக் கெடுத்துவிட்டதோ என்றுதான் ராத்திரி முழுக்கக் கவலை.

ஜூலை 6, ஞாயிறு

கரி மூட்டத்துக்குக் கருவேலம் வெட்டுகிறவர் இரண்டு வெட்டருவாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் படுத்திருந்த மாசத்தில் அப்பா தோய்ச்ச உருப்படிகள். வாய் உடையவில்லை, கீரைத்தண்டு போல மடங்கியிருந்தது. அப்பா லாரிப் பட்டையைக் குறை சொன்னார். அவர் குரலில் தெம்பு இல்லை.

ஒன்றைத் திரும்பக் காய்ச்சினேன். நிறம் ஓடும்போது என் மனைவியைக் கூப்பிட்டு, “இப்ப என்ன கலர், சட்டுன்னு சொல்லு” என்றேன்.

“கத்தரிப்பூ.”

அப்பா, “இன்னும் பழுப்புதான்டா” என்றார்.

என் கண் சரியாகத்தான் இருக்கிறது. அந்த நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்மணி நடுவில் சாம்பல் பூத்தது போல இருந்தது. இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை. கண்புரை பழுத்தால் உள்லென்ஸ் மஞ்சளாகும், நீலமும் ஊதாவும் மங்கும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. உலைச் சூட்டை வருஷக்கணக்காக வெறித்துப் பார்க்கிறவர்களுக்கு, கண்ணாடி ஊதுகிறவர்களுக்கு வருவது போல, இது வரக்கூடும் என்றும் சொல்லியிருந்தார். அப்பா ஒருநாளும் கண்ணாடி போட்டதில்லை. பார்வைதான் நன்றாக இருந்ததே.

ஜூலை 18, வெள்ளி

செவ்வாய்க்கிழமை அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் முற்றியிருக்கிறது. ஆபரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும் என்றார்கள். ஆடி முடியட்டும் என்கிறார். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் அருவாள் கேட்டு ஆட்கள் வருகிற மாசம், இப்போது படுக்க மாட்டாராம். ஆவணி முதல் வாரத்துக்குத் தேதி வாங்கியிருக்கிறேன்.

திருப்பி வந்ததில் இரண்டாவது அருவாளை இன்று தோய்ச்சோம். எனக்கு இன்னும் அவர் கைப்பக்குவம் வரவில்லை, எவ்வளவு ஆழம் காட்டுவது, எப்போது எடுப்பது எல்லாம் அவர்தான். பாதுகாப்புக் கண்ணாடியை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். வாயைத் தண்ணீரில் காட்டி, தேய்த்து, என் பக்கம் திருப்பினார்.

“என்னடா தெரியுது?”

“வைக்கோல்ப்பா.”

குறடு அசையவில்லை.

“இப்ப?”

“பழுப்பு. இருங்க. நுனியில மட்டும் மாறுது. இருங்க, இருங்க… இப்ப!”

முக்கினார்.