சிவப்பு ஊசியும் அம்மாவின் பி12 ரிப்போர்ட்டும்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 12 வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மெட்ஃபார்மின் மாத்திரைதான். போன தை மாசம், "உள்ளங்கால்ல பஞ்சு ஒட்டின மாதிரி இருக்குடா" என்றார். ஒரு கால் செருப்பு கழன்றதே தெரியாமல் கடைத்தெருவிலிருந்து வீடு வரை நடந்து வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 சேர்வது குறையலாம். நரம்புக்கு வேண்டிய வைட்டமின் அது, குறைந்தால் கால் மரத்துப்போகும். அது அதிகம் இருப்பது அசைவத்தில், அம்மா சுத்த சைவம் வேறு. டாக்டர் பி12, வைட்டமின் டி, ரத்த அணுக்களைப் பார்க்கும் சிபிசி என்று மூன்று டெஸ்ட்டையும் எழுதிக் கொடுத்தார்.

காலை ஏழு மணிக்கு லேபில் இருந்தோம். முழங்கை மடிப்பில் நரம்பு சிக்காமல் இரண்டு முறை குத்தி, கடைசியில் புறங்கையில் எடுத்தார்கள். மஞ்சள் மூடிக் குழாயில் ஒன்று, ஊதா மூடியில் ஒன்று. பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள். என்ன மருந்து, என்ன ஊசி என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் ரிப்போர்ட்டில் டி 14 என்று இருந்தது. 20-க்குக் கீழே என்றாலே குறைபாடு. பி12 மட்டும் 1,640. 200-க்குக் கீழே போனால்தானே பயப்படணும் என்று நிம்மதியாக இருந்தேன். டாக்டர் அந்த எண்ணைப் பார்த்ததும் அம்மா பக்கம் திரும்பினார்.

"சமீபத்துல ஊசி ஏதாச்சும் போட்டுக்கிட்டீங்களாம்மா?"

"அசதியா இருக்குன்னு ரெண்டு தடவை சத்து ஊசி போட்டேன் டாக்டர்."

"என்ன கலர்?"

"செவப்பா இருந்துச்சு."

பி12-இன் நிறமே அதுதான். ரிப்போர்ட்டில் வந்தது ஊசியின் கணக்கு. ஆனால் சிபிசியில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 106 இருந்தது. 100-க்குள் இருக்க வேண்டியது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பி12 குறைவால் ஊசிக்கு முன்பே பெருத்துப்போன அணுக்கள் இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க டாக்டர் இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) தட்டி அம்மாவின் கால் பெருவிரலில் வைத்தார். "ஒண்ணும் தெரியலையே" என்றார் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்தது.

பி12 ஊசியை முறைப்படி தொடங்கினார். டி-க்கு வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், சாப்பாட்டுக்குப் பின்.

ரத்தம் கொடுக்கும் முன் ஊசி, சத்து மாத்திரை, முடிக்குச் சாப்பிடும் பயோட்டின் வரை எல்லாவற்றையும் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பயோட்டின் சில மெஷின்களின் அளவையே மாற்றிக் காட்டும்.

மூன்று மாசம் கழித்து டாக்டர் மறுபடி கவையை வைத்தார். கணுக்காலில் அதிர்வு தெரிகிறது என்றார் அம்மா. பெருவிரலில் இன்னும் இல்லை. ஊசி தொடர்கிறது.