ஓய்வுபெற்ற சர்வேயரும் ஜெஃப் டேவிஸ் கவுண்டியின் கற்களும்

மார்ச் 8, 2024, வெள்ளி

காலை பத்து மணிக்கு டெக்சாஸ் மாநிலத்து மிட்லாண்டிலிருந்து கிளம்பினோம். மாப்பிள்ளை கார் ஓட்ட, நான் பக்கத்தில், பின்னிருக்கையில் பேரன். மகளும் என் மனைவியும் வரவில்லை. "கல்லைப் பார்க்க மூன்று மணி நேரம் காரில் உட்கார வேண்டுமா?" என்று கேட்டாள் மனைவி. நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லைப் பார்த்தே சம்பளம் வாங்கியவனோடு குடித்தனம் நடத்தியவள். அவள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

பேக்கோஸ் வரை தட்டைப் பூமி, எண்ணெய்க் கிணறுகள், தலையாட்டிக்கொண்டே இருக்கும் பம்புகள். பால்மொரே ஊரைத் தாண்டி 17ஆம் எண் சாலையில் தெற்கே ஏறும்போதுதான் மலை தெரிகிறது. டேவிஸ் மலைகள் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானவை. தூண் தூணாக நிற்கும் செம்பழுப்புப் பாறைகள்.

"வரலாற்றுச் சின்னம், ஒரு மைல்" என்று ஒரு பலகை வந்தது. அது மாப்பிள்ளையின் கண்ணில் படுவதற்குள் சின்னமே பின்னால் போய்விட்டது. "திருப்புங்கள் மாப்பிள்ளை" என்றேன். "மாமா, இப்படி ஒவ்வொன்றுக்கும் திரும்பினால் இருட்டிவிடும்" என்றார். ஆனாலும் திருப்பினார்.

அது காட்டு ரோஜாக் கணவாய். கீழே லிம்பியா ஓடை. வெள்ளம் வந்தால் ஓடைக்கரைப் பாதையில் வண்டி போகாது. அதனால் சான் அன்டோனியோவிலிருந்து எல் பாசோவுக்குப் போன தபால் வண்டிகளும், குடியேறிகளும், இராணுவச் சரக்கு வண்டிகளும் மேட்டிலிருந்த இந்தக் கணவாய் வழியாகப் போயின. அவர்களுக்கு முன்பே கீழே ஓடைக்கரைத் தடம் பூர்வகுடிகளுடையது. அதையும் பலகை சொல்கிறது, அரை வரியில். ரோஜா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மார்ச்சில் வந்து பூவைத் தேடுவது என் தவறு.

இரவு தங்கல் இந்தியன் லாட்ஜில். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு கொடுத்த வேலை இந்தக் கட்டடம். மண்ணும் வைக்கோலும் குழைத்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல் சுவர்கள், முழங்கைத் தடிமன். பேரன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணா தாத்தா?" என்று கேட்டான். எங்கள் பூர்வீக வீடும் மண்சுவர்தான் என்றேன். அவன் நம்பவில்லை.

மார்ச் 9, சனி

கோட்டை என்றால் மதிலும் அகழியும் எதிர்பார்த்து வந்த பேரனுக்குப் பெரிய ஏமாற்றம். டேவிஸ் கோட்டைக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. மூன்று பக்கமும் பாறை அடைத்த ஒரு பள்ளத்தாக்கின் வாயில், மைதானத்தைச் சுற்றி வரிசையாக அதிகாரிகளின் வீடுகளும் சிப்பாய்களின் கொட்டடிகளும், அவ்வளவுதான். பாதி புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மீதிக்கு அடித்தளம் மட்டும் மிச்சம்.

சர்வேயர் கண்ணுக்கு இங்கே ஒன்றல்ல, இரண்டு கோட்டைகள். 1854இல் வந்த முதல் படை பள்ளத்தாக்குக்கு உள்ளே கட்டியது. பாறை மேல் ஏறி நின்றால் எதிரிக்கு எல்லாமே கீழே தெரியும். அங்கே தளபதியாக இருந்த வாஷிங்டன் சீவெல்லுக்கே அந்த இடம் பிடிக்கவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1861இல், மத்திய அரசின் படை வெளியேறியது. தெற்கு மாநிலங்களின் கூட்டணிப் படை வந்து அதுவும் 1862இல் போனது. மிச்சமிருந்ததை அப்பாச்சே என்ற பூர்வகுடியினர் எரித்தார்கள். 1867இல் திரும்பி வந்தவர்கள் புத்தியாகப் பள்ளத்தாக்குக்கு வெளியே சமவெளியில் கட்டினார்கள். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். 1891இல் அதையும் மூடிவிட்டார்கள்.

அப்படித் திரும்பி வந்தது ஒன்பதாம் குதிரைப்படை. அதிகாரிகளைத் தவிர அத்தனை பேரும் கறுப்பினத்தவர். பலர் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகள். அப்போதிலிருந்து 1885 வரை கறுப்பினப் படைகள் மாறி மாறி இங்கே இருந்தன: ஒன்பதாம், பத்தாம் குதிரைப்படைகள், இருபத்து நான்காம், இருபத்தைந்தாம் காலாட்படைகள். பதினெட்டு ஆண்டுகள் அவர்கள் காவல் காத்த கோட்டையின் பெயர், அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்த தென்மாநிலக் கூட்டணியின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸுடையது. கோட்டைக்குப் பெயர் வைத்தபோது, 1854இல், அவர் அமெரிக்கப் போர்த்துறைச் செயலர். அதற்கு ஒரு சமாதானம் உண்டு. ஆனால் நம் மாவட்டம் மாதிரியான இந்த ஜெஃப் டேவிஸ் கவுண்டி உருவானது 1887இல். போர் முடிந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தே அவருடைய முதற்பெயரையும் சேர்த்து எடுத்து வைத்தார்கள். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை, "பேரை மாற்றினால் பட்டா எல்லாம் மாற்ற வேண்டுமே மாமா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் திடீரென ஊதுகொம்பு கேட்டது. 1875இல் நடந்த மாலை அணிவகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஒலிப்பதிவாகப் போடுகிறார்கள்: கட்டளைக் குரல், வாத்தியம், குளம்படிச் சத்தம். மைதானம் காலி. பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

தேவாலயத்தின் அடித்தளத்தருகே நெடுநேரம் நின்றேன். ஹென்றி ஃப்ளிப்பரை இராணுவ நீதிமன்றம் விசாரித்த இடம் இது. 1856இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர்; 1877இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். இங்கே உணவுக் கிடங்கின் பொறுப்பிலிருந்தார். 1881இல் கணக்கில் பணம் குறைந்தது. குறைவை மறைத்தார், மேலதிகாரி கர்னல் ஷாஃப்டரிடம் பொய்யும் சொன்னார். அதை மழுப்ப முடியாது. ஊர்க்காரர்கள் சிலர் பணம் திரட்டிக் கொடுத்துக் குறைவை அடைத்தார்கள். நீதிமன்றம் கையாடல் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. ஆனால் "அதிகாரிக்குத் தகாத நடத்தை" என்று சொல்லிப் பணிநீக்கம் செய்தது. தண்டனையைக் குறைக்கலாம் என்று இராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரியே எழுதியும் அதிபர் ஆர்தர் கேட்கவில்லை. அப்போது ஃப்ளிப்பருக்கு வயது இருபத்தாறு. 1940இல் இறக்கும்வரை பெயரை மீட்கப் போராடினார். 1976இல் இராணுவம் அதைக் கௌரவமான விடுவிப்பு என்று மாற்றியது. 1999இல் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார்.

தாசில்தார் அலுவலகக் கோப்புகூட இவ்வளவு தாமதமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

இரவு, மெக்டொனால்ட் வானாய்வகம்

குளிர் எலும்பில் இறங்கியது. லாக் மலை உச்சியில், 1939இல் திறந்த 82 அங்குலத் தொலைநோக்கிக்கு ஓட்டோ ஸ்ட்ரூவ் பெயர். அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கும் இதற்கும் சேர்த்து இயக்குநராக இருந்தவர். 1937இல் நம் வானியற்பியலாளர் சந்திரசேகரை யெர்க்ஸுக்கு அழைத்துக்கொண்டவரும் அவரே. பேரனிடம் சொன்னேன். அவன் வியாழனின் நிலாக்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று அதிகாலை நாட்டின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். எனக்கு அது பிடிபடுவதற்குள் காலை உணவு முடிந்துவிட்டது.

1911இல் கட்டி முடித்த நீதிமன்றம் மணிக்கூண்டோடு, கோட்டையின் பெயரையே கொண்ட ஃபோர்ட் டேவிஸ் ஊரின் நடுவே நிற்கிறது. முன்பு இந்தப் பகுதி முழுவதும் பிரெசிடியோ கவுண்டி. தலைநகர் இந்த ஊர்தான். ரயில்பாதை மலையை விட்டு விலகி மார்ஃபா வழியாகப் போனது. 1885இல் தேர்தல் வைத்துத் தலைநகரை மார்ஃபா பறித்துக்கொண்டது. ரோசம் வந்த இந்த ஊர்க்காரர்கள் இரண்டே ஆண்டில் தனிக் கவுண்டி வாங்கிவிட்டார்கள். அந்த ரோசத்தின் பரப்பு இரண்டாயிரத்துச் சொச்சம் சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 1,996 பேர்.

நிலப்பத்திரம் எதையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை. டெக்சாஸ் 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது பொது நிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால், மத்திய அரசின் சதுரக்கட்ட அளவை இங்கே வரவில்லை. ஸ்பானியர் விட்டுப்போன "வாரா" என்ற அளவில்தான் பழைய பத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு வாரா 33⅓ அங்குலம். அளவைச் சங்கிலியும் அதன் கண்ணிகளான லிங்க்ஸும் பிடித்த எனக்கு, அரசர் போய் ஆட்சி போய் இன்னும் அளவுகோல் மட்டும் போகாதிருப்பது பரிச்சயமான விஷயம்.

முன்னோடிகள் கல்லறையில் டீட்ரிக் டச்சோவர் இருக்கிறார். பெல்ஜியத்துக்காரர். உண்மைப் பெயர் அன்டோன் டீட்ரிக். மெக்சிகோ போருக்கு ஆளெடுத்த அதிகாரிக்கு இவர் பேச்சு விளங்கவில்லை. ஆள் பார்க்க முழு டச்சுக்காரன்போல் இருக்கிறான் என்று "டச் ஆல் ஓவர்" என எழுதிவிட்டார். அது சுருங்கி டச்சோவர் ஆகி, பரம்பரைப் பெயராகவே நிலைத்துவிட்டது. அடங்கலில் எழுத்தர் போட்ட பெயரைச் சாகும்வரை சுமந்த எத்தனை முனியாண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்! 1862இல் படை போன பிறகு கோட்டையைப் பார்த்துக்கொள்ள விடப்பட்டவர் இவர்தான். அப்பாச்சேக்கள் சூறையாடியபோது கூரைமேல் ஒளிந்து உயிர் தப்பினார்.

மதியம் 166ஆம் எண் சாலையில் ஒரு சுற்று. ஸ்கில்மன் தோப்பில் 1890இல் பிளாய்ஸ் என்ற போதகர் காப்பிப் பெட்டி ஒன்றையே மேடையாக்கிப் பிரசங்கம் செய்தார். அந்த முகாம் இன்றும் ஆகஸ்டுதோறும் கூடுகிறது. ஆளில்லாத கொட்டகைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மார்ச் 11, திங்கள்

இன்று பார்த்ததைவிட யோசித்தது அதிகம்.

1936இல், தனிநாடாகி நூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, டெக்சாஸ் மாநிலம் எங்கும் கருங்கல் சின்னங்கள் நட்டது. இந்தக் கோட்டையில் "இந்தியன் எமிலி"க்கும் ஒன்று. அப்பாச்சேப் பெண், இளம் அதிகாரியைக் காதலித்தாள், தன் இனத்தார் தாக்கப்போவதை எச்சரிக்க இருட்டில் ஓடிவந்தவளைக் காவலாள் எதிரி என்று சுட்டுவிட்டான், ஆனாலும் படை தப்பியது. கல் சொல்லும் கதை இதுதான். இராணுவம் உப்புப் புளிக்குக்கூட ஆவணம் வைத்திருந்த இடம் இது. அந்த ஆவணங்களில் எமிலி இல்லை. கோட்டை மூடிப் பல ஆண்டுகள் கழித்து அச்சேறிய கதை. வரலாற்றாய்வாளர்கள் இதைக் கட்டுக்கதை என்றே கொள்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தன் மக்களைக் காட்டிக்கொடுத்த ஒருத்தியைத்தானா அப்பாச்சேக்களின் சார்பில் கல்லில் வைக்க வேண்டும்? நம் ஊர் நடுகல்லில் ஆநிரை கவரப் போனவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போனவனுக்கும் உண்டு.

திரும்பும் வழியில் முஸ்கிஸ் பள்ளத்தாக்கு. 1854இல் இங்கே பண்ணை போட்ட மனுவேல் முஸ்கிஸின் பெயர். மாப்பிள்ளை தானாகவே காரை நிறுத்தினார். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 14, வியாழன், மிட்லாண்ட்

மூன்று நாளாக ஃப்ளிப்பரை விட மனம் வரவில்லை. படித்துக்கொண்டே இருக்கிறேன். பணிநீக்கத்துக்குப் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? சர்வேயர் ஆனார்! மெக்சிகோவிலும் தென்மேற்கிலும் நிலம் அளந்தார். ஸ்பானிய மொழி தெரிந்தவர் என்பதால், பழைய ஸ்பானிய, மெக்சிகோ நிலக்கொடைகள் மெய்யா பொய்யா என்று பார்க்கும் நீதிமன்றத்துக்காக 1893 முதல் 1901 வரை அரசின் சிறப்பு முகவராக ஆவணங்களை மொழிபெயர்த்து ஆராய்ந்தார். அரிசோனாவின் நோகாலஸ் ஊரையே விழுங்கப் பார்த்த ஒரு நிலக்கொடை உரிமைகோரலுக்கு எதிரான வழக்கை ஆயத்தம் செய்தவர் அவர். கணக்கு சரியில்லை என்று அரசு துரத்திய மனிதரிடமே, அடுத்தவர் பத்திரம் சரியா என்று அரசு கேட்டிருக்கிறது.

என் பணிக்காலத்தில் ஒரு கிராமத்தில் எல்லைக்கல் ஒன்று ஒரே இரவில் நான்கு அடி நகர்ந்தது. மொத்த ஊரும் "கல் எப்போதும் அங்கேதான்" என்று சாதித்தது. புலப்படத்தை விரித்து, சங்கிலி பிடித்து, பழைய குழியைத் தோண்டிக் காட்டிய பிறகுதான் வாயடைத்தார்கள்.

பேரனிடம் ஒரு கட்டத்தாளும் பென்சிலும் வாங்கிக்கொண்டேன். தேவாலய அடித்தளத்தை அன்று காலடியால் அளந்து குறித்து வைத்திருந்தேன். அதைப் படமாக வரைந்துகொண்டிருக்கிறேன். மேலே வடக்குக் குறி போட்டாயிற்று. அளவுத்திட்டம் அடியிலா, வாராவிலா என்று பேரன் கேட்கிறான்.