1978-க்கு ஒதுக்கிய அரைப் பக்கம்

“அன்றைக்கு அவன் மைதானத்தில் இறங்கி ஆடினானா? பிறகு எதற்கு முதல் வரியில் நிற்கிறான்?”

ம்ஸே கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதில் நீளமானது. அந்தப் பதிலைத்தான் இன்னும் மனதுக்குள் அடித்தடித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உகாண்டா அணி 2017 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக்காக காபோன் கிளம்புவதற்கு முன் செய்த வேலை அது. 39 வருடங்களுக்குப் பிறகு கிரேன்ஸ் (கொக்குகள், அணியின் செல்லப் பெயர்) தகுதி பெற்றிருந்தார்கள். நம்போலே மைதானத்தில் கொமொரோஸுக்கு எதிராக ஃபரூக் மியா ஒரு கோல் போட, அந்த ஒரு கோல் போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் கம்பாலாவில், நாசர் ரோட்டு அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. காலண்டர், பேனர், சட்டை என்று எதை எடுத்தாலும் கொண்டைக் கொக்கு. எங்களிடம் வந்தது அணியின் வரலாற்றைச் சொல்லும் ஒரு மலர். லேஅவுட்டும் கடைசித் திருத்தமும் என் பொறுப்பு. ம்ஸே ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வெளியிலிருந்து வந்து ப்ரூஃப் பார்த்துக் கொடுப்பவர். மூத்தவர்களை அங்கே எல்லோரும் ம்ஸே என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவர் என்னைச் செபோ, அதாவது ஐயா, என்பார்.

1978-க்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தோம். எழுதி வந்த பிரதியில் தேதியும் ஸ்கோரும் தவிர ஒன்றுமில்லை. அணி ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போன வருடத்தைப் போய் இப்படித் தட்டையாகச் சொல்வதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் வரியை நானே எழுதினேன்: ‘இடி அமீன் ஆட்சியைப் பிடித்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன, பயத்தில் வாழ்ந்த ஒரு நாட்டிலிருந்து இந்த அணி கானாவுக்குப் போனது.’ நல்ல வரி என்று அப்போது நினைத்தேன். வரியாகப் பார்த்தால் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ம்ஸே அதைச் சிவப்புப் பேனாவால் அடிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

நான் சொன்ன பதில் ஏறக்குறைய இப்படி இருந்தது. அணி ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 1974, 1976, 1978 என்று அடுத்தடுத்து மூன்று முறை ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போனது அந்த ஆட்சியில்தான். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் செகாஃபா கோப்பையை 1973, 1976, 1977-இல் வென்றதும் அப்போதுதான். அமீனே ஒரு காலத்தில் குத்துச்சண்டை சாம்பியன், விளையாட்டுக்காரர்களைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர். நாட்டின் மிக மோசமான வருடங்களும் அணியின் மிகச் சிறந்த வருடங்களும் ஒன்றாக வந்திருக்கின்றன. அதை மறைத்துவிட்டு எழுதினால் வரலாறு ஆகுமா, ம்ஸே?

பொறுமையாகக் கேட்டார். பிறகு, “விமான டிக்கெட்டுக்குப் பணம் எங்கள் வரி. ஆடிய கால் கிருண்டாவுடையது, ஒமோண்டியுடையது. நீங்கள் சொல்லும் ஆளுக்கு இதில் என்ன பங்கு?” என்றார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. “செபோ, முயிண்டிகளுக்கு உகாண்டா என்றால் 1972. அதனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உங்கள் கண்ணுக்கு அவன்தான் தெரிகிறான்.”

முயிண்டி என்றால் இந்தியர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் வகுப்பில் பையன்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததும் இந்தக் குரலில்தான் இருந்திருக்கும்.

அது உண்மைதான் என்பதை நான் மறுக்கவில்லை. நம் ஊரில் யாரிடமாவது உகாண்டா என்று சொல்லிப் பாருங்கள். ஆகஸ்ட் 1972-இல் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்து வெளியேற்றிய கதையைச் சொல்வார்கள். எனக்கும் வேலைக்கு வருவதற்கு முன் தெரிந்த உகாண்டா அதுதான். எங்கள் முதலாளியின் குடும்பமும் அப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய், பின்னாளில் திரும்பி வந்தவர்கள். ஆனால் எனக்கு அதில் சொந்த இழப்பு எதுவும் இல்லை. என் குடும்பத்தில் யாரும் அங்கே கடை வைத்திருக்கவில்லை, யாரும் பெட்டியோடு எண்டெபே விமான நிலையத்தில் நிற்கவில்லை. சொந்தமில்லாத ஒரு வலியை வைத்துக்கொண்டு அவருடைய வலிக்கு நான் தலைப்பு எழுதினேனா? அல்லது வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் அந்த வரியை எழுதத் துணிவு இருந்ததா? ஒருநாள் இது சரியாகப் படுகிறது, மறுநாள் அது.

ம்ஸே எதைக் காப்பாற்றப் பார்த்தார் என்று புரிய வேண்டுமென்றால் அந்த ஆட்டங்களைச் சொல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் காங்கோவை 3-1 என்று வென்றார்கள். துனிசியாவிடம் 1-3 தோல்வி. அடுத்தது மொராக்கோ, 1976-இல் கோப்பையை வென்ற நடப்பு சாம்பியன். அவர்களை 3-0 என்று அடித்தார்கள். அரையிறுதியில் நைஜீரியா, 2-1. மார்ச் 16 அன்று அக்ராவில் இறுதி ஆட்டம், சொந்த மண்ணில் ஆடும் கானாவுக்கு எதிராக. ஒபோகு அஃப்ரியே இரண்டு கோல் போட்டார், 0-2. கானாவுக்கு அது மூன்றாவது பட்டம், அந்தப் பழைய கோப்பையை அவர்களே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். பிலிப் ஒமோண்டி மூன்று கோல்களோடு போட்டியில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவராகத் திரும்பினார். கேப்டன் ஜிம்மி கிருண்டா, பயிற்சியாளர் பீட்டர் ஒகீ. எல்லோரும் உள்ளூர்ப் பெயர்கள்.

அந்த நாட்களில் ரேடியோவைச் சுற்றி நின்றதை ம்ஸே சொல்லியிருக்கிறார். நாலு பேர் கூடி நின்றால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்த காலம். அதற்கு ஒரு வருடம் முன்புதான், பிப்ரவரி 1977-இல், ஜனனி லுவும் என்ற பேராயர் கொல்லப்பட்டிருந்தார். அப்படிப்பட்ட ஊரில், நைஜீரியாவை வென்ற அன்று தெருவே ஒன்றாகக் கத்தியது என்றார். “அவனிடமிருந்து நாங்கள் திருப்பி எடுத்துக்கொண்ட ஒரே சாயங்காலம் அது. அதையும் நீங்கள் அவன் பெயரில் எழுதிக் கொடுக்கிறீர்கள்.”

இதைக் கேட்ட பிறகும் நான் வரியை எடுக்கவில்லை. அதுதான் நடந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு மாற்றினேன், ‘பயத்தில் வாழ்ந்த’ என்பதை எடுத்தேன். ஆட்டம், ஸ்கோர், பெயர்கள் எல்லாம் முடிந்த பின், இது இடி அமீனின் ஆட்சிக்காலம் என்று ஒரு வாக்கியம். ம்ஸே பார்த்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தன் இனிஷியலைப் போடுவார். அந்தப் பக்கம் இனிஷியல் இல்லாமல் திரும்பி வந்தது. ஆனால் அதே பக்கத்தில் ஒரு ஆட்டக்காரர் பெயரில் விட்டுப்போன ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தார். அப்படியானால் படித்திருக்கிறார். சம்மதமா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. அச்சுக்கான பிளேட் போகிற நேரம். கேட்டால் இன்னொரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை.

வேலையாகப் பார்த்தால் நான் செய்தது சரி என்றே இன்றும் வாதாடுவேன். ஒரு வரலாற்று மலரை இளம் பையன்கள் வாங்குகிறார்கள். 1978-இல் இறுதிவரை போன அணி அப்புறம் ஏன் காணாமல் போனது என்று அவர்கள் கேட்பார்கள். அந்த வருடம் அக்டோபரில் அமீனின் படை தான்சானியாவின் ககேராவுக்குள் புகுந்தது. தான்சானியா திருப்பி அடித்து, ஏப்ரல் 1979-இல் கம்பாலா விழுந்தது. 1980-இல் நைஜீரியாவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு, வரலாற்றிலேயே முதல் முறையாக, தான்சானியா போனது. உகாண்டா போகவில்லை. அதற்கப்புறம் வந்தது நீண்ட வறட்சி. 2011-இல் தகுதிச் சுற்றில் கென்யாவுக்கு எதிராக ஒரு கோல் போதும் என்ற நிலையில் 0-0. 2012-இல், அப்போதைய சாம்பியன் ஜாம்பியாவிடம் பெனால்டியில் 8-9. நம்போலேயில் அன்று இருந்தவர்களிடம் இன்றும் அதைப் பற்றிப் பேச முடியாது, பேச்சை மாற்றிவிடுவார்கள். இந்த 39 வருடத்துக்குக் கால்பந்து மட்டும் காரணம் இல்லை. அதனால் அமீன் பெயர் வர வேண்டும்.

ஆனால் இந்த வாதத்தை எழுதிப் பார்க்கும்போதே ஓட்டை தெரிகிறது. இது இறுதி ஆட்டத்துக்குப் பிறகு வந்த சரிவின் காரணம். அப்படியானால் அமீன் பெயர் இருக்க வேண்டிய இடம் அடுத்த பக்கம், 1979. ஆட்டத்தின் பக்கத்தில் எதற்கு? ம்ஸே கேட்டதே இதுவாக இருக்கலாம். அவர் அந்த மனிதரைப் புத்தகத்திலிருந்தே எடுக்கச் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். அவர் கேட்டது, முதல் வரியில் ஏன் என்று மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மலரின் மற்ற பக்கங்களைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். 1926-இல் கென்யாவும் உகாண்டாவும் ஆடிய காசேஜ் கோப்பை பற்றி எழுதியிருக்கிறோம். சோப்பு கம்பெனி கொடுத்த கோப்பை என்று இருக்கிறது, அப்போது நாட்டை ஆண்ட வெள்ளைக்காரக் கவர்னர் பெயர் இல்லை. ஜனவரி 1962-இல் அடிஸ் அபாபாவில் உகாண்டா முதல் முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆடியது. எகிப்திடம் 1-2, துனிசியாவிடம் 0-3. சுதந்திரம் கிடைத்தது அந்த அக்டோபரில்தான், அதாவது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்துகொண்டே ஆடியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தகவல் அது. ஆனாலும் அதைச் சொல்கிற பக்கத்தில் ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. 1968-இல் போனபோது அதிபர் ஒபோட்டே ஆட்சி, அவர் பெயர் இல்லை. 2017 பக்கத்தில், 1986 முதல் அதிபர் பதவியில் இருப்பவர் பெயரை நான் எழுதவில்லை, யாரும் எழுதச் சொல்லவும் இல்லை. நான் வரலாற்று நியாயம் என்று ம்ஸேயிடம் வாதாடிய விதியை ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் கடைப்பிடித்திருக்கிறேன்.

அமீன் மற்றவர்களைப் போல இல்லை என்று சொல்லலாம். 3 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்று மதிப்பிடப்படும் ஓர் ஆட்சியைக் கவர்னர் பெயரோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தேகமே வருவதில்லை. ம்ஸேக்கும் இதில் மாறுபட்ட கருத்து இருந்திருக்காது. எங்கள் சண்டை அது பற்றியதே இல்லை.

இப்படி ம்ஸே பக்கம் முழுதாகச் சாய்ந்துவிடலாம் என்று வரும்போது இன்னொரு பேச்சு ஞாபகம் வருகிறது. மலர் அச்சாகி மடிப்புக்கு வந்தபோது, பைண்டிங்கில் வேலை பார்த்த ஒரு பெண் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். உகாண்டாக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். “இதைப் போட்டது நல்லது, செபோ,” என்றாள். அவளுடைய தாத்தாவை அந்த வருடங்களில் ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம், திரும்பவே இல்லை. “டி.வி.யில் 1978 அணியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எங்கள் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார். அப்போது எல்லாம் சந்தோஷமாக இருந்த மாதிரி பேசுகிறார்களே என்பார்.”

அதுவரை எனக்கு எதிராக இருந்தது ஒரு நாடு என்றே எண்ணியிருந்தேன். ம்ஸே பேசினால் உகாண்டா பேசுகிறது என்று. அந்தப் பாட்டியும் ம்ஸேயும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள்தான். ஒருவருக்கு அந்தச் சாயங்காலம் மட்டும் தனியாக வேண்டும், இன்னொருவருக்கு அதைத் தனியாகப் பிரிப்பதே தாங்கவில்லை. அவள் சொன்னதை நான் ம்ஸேயிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சாதகமாக ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி ஆகியிருக்கும்.

2027 ஆப்பிரிக்கக் கோப்பையை கென்யா, தான்சானியாவோடு சேர்ந்து உகாண்டா நடத்தப்போகிறது. பழைய மலரைப் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். 1978-க்கு இந்த முறை ஒரு முழுப் பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அமீனை 1979-க்கு நகர்த்தி ஒரு பிரதி எழுதினேன், பாட்டியை நினைத்தால் அது போதவில்லை. பழையபடி கடைசி வரியில் வைத்து இன்னொன்று எழுதினேன். இரண்டையும் ம்ஸேக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். இப்போது மசாகா பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார். ஆனால் அனுப்பினால் எந்தப் பிரதியை மேலே வைப்பது என்பதில் வேலை நின்றுபோயிருக்கிறது.