பின்கதவு திறந்திருந்தும் பச்சை விளக்கு எரிந்த அலாரம்

கோத்தகிரியில் அம்மா தனியாக இருக்கிறார், நான் வேலைக்காகக் கோவையில். வீட்டைச் சுற்றித் தேயிலைதான், பக்கத்து வீடு கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இல்லை, அதனால் மூன்று வருடத்துக்கு முன்பு ஒயர் இழுத்துத் திருட்டு அலாரம் போட்டோம். முன்கதவிலும் பின்கதவிலும் காந்த சென்சார், ஹால், படுக்கையறை, சமையலறை மூன்றிலும் ஆள் நடமாட்டத்தைப் பிடிக்கிற பி.ஐ.ஆர். சென்சார். அம்மாவுக்குத் திருடனைவிடக் கரடி பயம்தான் அதிகம். எங்கள் பக்கம் எண்ணெய்க்காகக் கரடி வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் புகுவது புதிதில்லை, அது வருவதென்றால் சமையலறைப் பின்கதவு வழியாகத்தான் வரும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சமையலறைச் சுவரில் பலகை அடிக்க ஆசாரி வந்திருந்தார். டிரில் போட்ட கொஞ்ச நேரத்தில் கீபேடு, அதாவது அலாரம் போட, எடுக்க நம்பர் அழுத்துகிற பெட்டி, விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்திருக்கிறது. பகலில் அலாரம் போடாமல் இருந்ததால் சைரன் அடிக்கவில்லை, அதனால் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு அலாரம் போடப் பார்த்தால் எடுக்கவே இல்லை. மூன்று பி.ஐ.ஆரும் கோளாறு என்று காட்டியது. ஆசாரிக்குப் போன் போட்டபோது "டீச்சரம்மா, ஓட்டைக்குள்ள கலர் கலரா ஒயர் தெரிஞ்சுதுங்க, பழைய ஒயர்னு நெனச்சுட்டேன்" என்றாராம். அவர் மேல் தப்பில்லை, பூச்சுக்குள் ஒயர் போவது எங்களுக்கே தெரியாது. அலாரம் போட்டுத் தந்தவர்கள் ஆள் அனுப்ப ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் அம்மாவை அப்படியே விட மனசு வரவில்லை, சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டேன். கையில் மல்டிமீட்டர், சால்டரிங் அயன், உள்ளே ஆறு ஒயர் ஓடுகிற ஆறு கோர் கேபிள் ஒரு சுருள்.

முதலில் எனக்குப் புரியாதது, ஒரே ஓட்டை எப்படி மூன்று அறை சென்சாரையும் சாய்க்கும் என்பது. எல்லா சென்சார் ஒயரும் வந்து சேருகிற பேனல் பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது. எல்லா பி.ஐ.ஆருக்கும் 12 வோல்ட் போவது ஒரே ஃப்யூஸ் வழியாக. டிரில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒன்றாக நசுக்கியதில் அந்த ஃப்யூஸ் போய்விட்டது. பி.ஐ.ஆருக்குக் கரண்ட் வராமல் போனால் அதன் உள்ளே இருக்கும் ரிலே என்கிற சுவிட்ச் திறந்துகொள்ளும், பேனலுக்கு அது யாரோ நடக்கிற மாதிரியே தெரியும். கதவுச் சென்சார் வெறும் காந்தமும் சுவிட்சும்தான், அதற்குக் கரண்ட் வேண்டாம், அதனால் கதவுகள் இரண்டும் நன்றாக இருப்பதாகவே காட்டியது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் மெயினை அணைத்தேன், பேனலுக்குள் இருக்கிற 12 வோல்ட் பேட்டரியின் ஒயரையும் கழற்றினேன். மெயினை மட்டும் அணைத்தால் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சமையலறைக்குப் போகும் சிவப்பு ஒயரைப் பேனலிலிருந்து பிரித்து விட்டு, பஜாரில் வாங்கிய அதே 1 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸைப் போட்டேன். பெரிய ஃப்யூஸ் போடுவது, செம்புக் கம்பி சுற்றுவது, இரண்டும் வேண்டாம், அடுத்த முறை ஷார்ட் ஆனால் ஒயர்தான் எரியும். திரும்பக் கரண்ட் கொடுத்ததும் ஹால், படுக்கையறை இரண்டும் எழுந்துவிட்டன. சமையலறை பி.ஐ.ஆர். மட்டும் கோளாறு. அதை மட்டும் கணக்கில் எடுக்காதபடி பைபாஸ் செய்து இன்றிரவு அலாரம் போட்டுக்கொள்ளலாம், பின்கதவு சென்சார் இருக்கிறதே, ஒயரை நாளைக்குப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

படுக்கப் போகும் முன் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். முன்கதவைத் திறந்தால் கீபேடு "டிங்" என்றது. பின்கதவைத் திறந்தேன், ஒன்றுமில்லை. மூடித் திறந்தேன். கதவு அகலத் திறந்து பனி உள்ளே வருகிறது, கீபேடில் பச்சை விளக்கு, எல்லாம் தயார் என்று. முந்தின நாள் இரவு அலாரம் எடுக்காவிட்டாலும், கதவுகள் நன்றாக இருப்பதாகக் காட்டியதை நம்பித்தான் அம்மா தனியாகத் தூங்கியிருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்றிரவு பின்கதவுக்குக் குறுக்கே மேசையைப் போட்டு, கூடத்தில் நான் படுத்துக்கொண்டேன்.

பேனலில் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி இணைப்பு, அதற்கு ஸோன் என்று பெயர். ஞாயிறு காலை பின்கதவு ஸோனின் இரண்டு ஒயரையும் பேனலிலிருந்து கழற்றி மீட்டரை வைத்தேன். கழற்றாமல் அளந்தால் பேனலின் கரண்ட் கலந்து தப்பான எண் வரும். கதவு மூடியிருந்தாலும் 3 ஓம், திறந்தாலும் 3 ஓம். சமையலறைக்குப் போகும் அதே ஆறு கோர் கேபிளில்தான் பின்கதவின் இரண்டு ஒயரும் போகின்றன, டிரில் அவற்றையும் சேர்த்து முறுக்கியிருக்கிறது. சரி, ஷார்ட் என்றால் பேனல் ஏன் கத்தவில்லை? அதற்குத்தானே ஒவ்வொரு ஸோனிலும் ரெசிஸ்டர், அதாவது குறிப்பிட்ட ஓம் அளவுள்ள சின்ன மின்தடை, வைக்கிறார்கள்? எங்கள் பேனலுக்கு 2,200 ஓம், மூன்று சிவப்புக் கோடு போட்டது. வேறு பேனல்களில் வேறு அளவு வரும். அந்த அளவு தெரிந்தால் எல்லாம் சரி, ஒயர் அறுந்தாலும் ஷார்ட் ஆனாலும் அளவு மாறும், பேனல் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்த ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம் ஒயரின் கடைசியில், சென்சாருக்குள். எங்கள் வீட்டில் எல்லா ரெசிஸ்டரும் பேனலுக்குள்ளேயே திருகில் மாட்டியிருந்தன. மாட்டுபவருக்கு ஏணி ஏறும் வேலை மிச்சம். இப்படி இருந்தால் வழியில் எங்கே ஷார்ட் ஆனாலும் பேனலுக்கு எப்போதும் அதே 2,200 ஓம்தான் தெரியும், கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாலும் பச்சைதான். இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. டிரில் செய்த சேதத்தை ஒரு நாளில் சரிசெய்துவிடலாம், இதுவோ மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஒயர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டையின் இரண்டு பக்கமும் பூச்சை உடைத்து, நசுங்கின பகுதியை வெட்டி எறிந்து, ஒரு அடி புது கேபிள் சேர்த்தேன். ஒவ்வொரு நிற ஒயரையும் வேறு வேறு இடத்தில் வெட்டி இணைத்தால் இணைப்புகள் ஒன்றோடொன்று உரசாது. ஈயம் வைத்து, மேலே சுருங்குகிற ட்யூப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்தேன், பூச்சுக்குள் புதைக்கவில்லை. எங்கள் ஊர் ஈரத்தில் வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் நிற்காது. முன்கதவு ஒயரில் அப்படி ஒரு பழைய இணைப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது, அது இருந்தவரை 0 காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் 600 ஓமுக்கு மேல் காட்டியது. மழைக்காலத்தில் நடு இரவில் முன்கதவு என்று சொல்லிச் சும்மா அடித்த சைரனுக்கு இதுதான் காரணமாக இருக்கும், அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அப்படி அடிக்கவில்லை.

அப்புறம் ஐந்து ரெசிஸ்டரையும் பேனலிலிருந்து எடுத்து, ஏணி போட்டு ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் மாற்றினேன். இதற்கே மூன்று மணி நேரம். முடித்துவிட்டு ஒவ்வொரு ஸோனாக அளந்தேன்: மூடினால் 2,200க்குச் சற்று மேல், திறந்தால் எல்லையில்லை. கடைசியாக, பேனல் அருகே பின்கதவு ஒயர் இரண்டையும் வேண்டுமென்றே ஒரு ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பிடித்தேன். உடனே அந்த ஸோன் சிவப்பானது. வெள்ளிக்கிழமை வர வேண்டிய சிவப்பு அது.

ஒயர் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதிப் பேனல் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். மாதம் ஒரு முறை ஒவ்வொரு கதவையும் திறந்து "டிங்" கேட்கிறதா என்று பார்ப்பது அம்மாவின் வேலை. அடுத்த சனிக்கிழமை ஆசாரி பாக்கிப் பலகையை அடிக்க வந்தபோது, அம்மா அந்தத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் டீ போடப் போனாராம்.