எங்கள் பி.எட். கல்லூரியின் நாக் மதிப்பீடு

எங்கள் பி.எட். கல்லூரியில் நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு) வேலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, "அதான் என்சிடிஇ அங்கீகாரம் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?" என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என்சிடிஇ, அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், தருவது படிப்பை நடத்துவதற்கான அனுமதி. அது எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று பார்த்து மதிப்பிடுவது பெங்களூருவில் இருக்கும் நாக்.

முதலில் ஐஐக்யூஏ, அதாவது மதிப்பீட்டுக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பதற்கான விண்ணப்பம். அது ஏற்கப்பட்டதும் 45 நாட்களுக்குள் சுய ஆய்வு அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. 7 அளவுகோல்கள், பலவற்றுக்கு 5 ஆண்டுத் தரவு. அதனால் அறிக்கையைப் பெரும்பாலும் எழுதி முடித்த பிறகே விண்ணப்பித்தோம்.

நூலகச் செலவு, கட்டட விவரமெல்லாம் அலுவலகத்திலேயே கிடைத்துவிட்டன. உழைப்பு முழுவதையும் வாங்கியது இன்டர்ன்ஷிப். இரண்டாம் ஆண்டில் மாணவர்கள் 16 வாரம் பள்ளிகளில் பாடம் நடத்துகிறார்கள். பி.எட். படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதற்கான சான்றுகள் பள்ளிக்குப் பள்ளி சிதறிக் கிடந்தன. சில இடங்களில் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவருக்கு எங்கள் மாணவர்களைத் தெரியாது. பழைய வருகைப் பதிவேட்டைக் காட்டித்தான் கடிதம் வாங்கினோம்.

பாடக்குறிப்பு நோட்டுகளைப் புரட்டியபோது வேறொன்று கிடைத்தது. "கரும்பலகையைப் பார்த்தே பேசாதீர்கள்", "பின் வரிசைப் பிள்ளைகளிடமும் கேளுங்கள்" என்று வழிகாட்டி ஆசிரியர்கள் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவிக்குத் தொடக்கத்தில் எழுதியதையும் கடைசி வாரங்களில் எழுதியதையும் அடுத்தடுத்துப் படித்தால், அவர் ஆசிரியராக வளர்ந்தது கண்முன் தெரிந்தது. அறிக்கை ஆங்கிலத்தில், நாக்கிலிருந்து நேரில் பார்க்க வரப்போகும் குழுவினர் வெளிமாநிலத்தவர் என்பதால், இந்தக் குறிப்புகளை மொழிபெயர்த்து இணைத்தோம். அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் வீணே இல்லை.

பிறகு டிவிவி, அதாவது தரவுச் சரிபார்ப்பு. கொடுத்த எண் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்டார்கள்: ஒப்பமிட்ட பட்டியல், இடக்குறிப்புள்ள படம், தணிக்கை அறிக்கை. இதற்கிடையே மாணவர்களின் மின்னஞ்சலுக்கு நாக்கிடமிருந்து நேரடியாகக் கருத்துக் கணிப்பு வந்தது. மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காத பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. என்ன எழுதுவது என்று மட்டும் நாங்கள் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

மொத்த மதிப்பெண்ணில் சுமார் 70 விழுக்காடு தரவிலேயே முடிந்துவிட்டது. மீதிக்குத்தான் பியர் டீம் எனப்படும் மதிப்பீட்டுக் குழு நேரில் வந்தது. குழுவினர் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள், மாணவர்களை உட்கார வைத்து வகுப்பறை அனுபவம் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் தயங்காமல் பேசினார்கள்.

இப்போதெல்லாம் இன்டர்ன்ஷிப் முடியும் நாளிலேயே தலைமையாசிரியர் கடிதத்தையும் வழிகாட்டி ஆசிரியர் குறிப்புகளின் நகலையும் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுகிறோம். அடுத்த ஆண்டு மாணவர்கள் பள்ளிக்குப் போகும்முன் அந்தக் குறிப்புகளை வகுப்பில் படித்துக்காட்டுகிறேன்.